மேலே போய் வந்த தண்ணீர்

கணவன் குளியலறைக் கதவைச் சாத்தியதும் அவள் அவனுடைய சட்டையை எடுத்து முகர்ந்து பார்ப்பாள். வேறொருத்தியின் வாசனையைத் தேடி அல்ல. அந்த வயதையெல்லாம் இருவரும் தாண்டியாகிவிட்டது. பிஸ்கட் தூள், பொரித்த எண்ணெயின் வாடை, பையின் மூலையில் ஒட்டியிருக்கும் சர்க்கரைப் பரல், இவற்றைத்தான் தேடினாள். பையை வெளிப்புறமாகப் புரட்டி, தையலோரத்தில் சிக்கிய பஞ்சை நகத்தால் சுரண்டி, ஒருமுறை நாக்கில் வைத்துக்கூடப் பார்த்தாள். இரும்புத் துருவும் கிரீஸும் கரித்தன. வேறொன்றும் இல்லை.

துணி அவளுக்குத் தெரிந்த பொருள். கடைத்தெருவில் பழைய உடுப்புகளைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கும் ஆல்டரேஷன் கடையில் வேலை பார்த்தாள். ஒருவர் கொண்டுவந்து போடும் கால்சட்டையைத் தொட்டுப் பார்த்தே அவர் உட்கார்ந்து வேலை செய்கிறவரா, நின்று வேலை செய்கிறவரா, எந்தப் பக்கம் சாய்ந்து நடப்பார் என்று சொல்லிவிடுவாள். மனிதர்கள் மறைப்பதைத் துணி மறைக்காது என்பது அவள் நம்பிக்கை. ஆனால் தன் வீட்டு ஆளின் சட்டை மட்டும் வாயைத் திறக்க மறுத்தது.

அவன் வந்து உட்கார்ந்தான். தட்டில் சோறு, அவித்த காய், ஒரு முட்டை. சோற்றை அவள் கையால் அள்ளிப் போடுவதை நிறுத்தி நாளாயிற்று. இப்போது ஒரு சின்னக் கிண்ணம். அந்தக் கிண்ணத்தைத் தலைதட்டி, தட்டில் கவிழ்ப்பாள். குழந்தைகள் மணலில் வீடு கட்டுவது போல ஒரு குட்டிக் குவியல் நிற்கும். அவன் அதை மெதுவாகச் சாப்பிடுவான். சாப்பிட்டு முடித்தபின் கொஞ்ச நேரம் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு எழுந்து கழுவி வைத்துவிட்டு, விரலை நீட்டுவதற்கான நேரம் வரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பான்.

விரல் நுனியில் ஊசி குத்தினால் ரத்தம் வரத் தயங்கியது. பிழிந்தெடுக்க வேண்டியிருந்தது. கருஞ்சிவப்பாக, பிசுபிசுவென்று ஒரு பொட்டு. சர்க்கரை பார்க்கும் மெஷினில் வந்த எண்ணை அவள் விளக்கருகே கொண்டுபோய் மறுபடி பார்த்தாள். முன்னூறைத் தொட்டுக்கொண்டு நின்றது.

"இத்தனூண்டு சோத்துக்கு இவ்ளோ ஏறுமா?" என்றாள்.

அவன் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"சொல்லுங்க. மேல என்ன சாப்பிட்டீங்க?"

"நீ குடுத்தத."

"நான் குடுத்தது மட்டும்தானா?"

"மேல என்ன, கடையா இருக்கு?"

அதோடு பேச்சு முடிந்தது. அவர்கள் வீட்டில் பேச்சுகள் இப்படித்தான் முடியும். மௌனம் அந்த வீட்டில் மூன்றாவது ஆள் மாதிரி. அதற்கென்று ஒரு நாற்காலி உண்டு.

*

அவன் டவர் கிரேன் ஓட்டுகிறவன். எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடங்களுக்கு நடுவே ஒற்றைக் காலில் நிற்கும் அந்த இரும்புப் பறவையின் தலைக்குள், கண்ணாடிப் பெட்டி போன்ற கேபினில், காலையில் ஏறினால் வேலை முடிந்துதான் இறங்குவான். கூடு போன்ற இரும்புச் சட்டத்துக்குள் செங்குத்தாகப் போகும் ஏணி. இரண்டு கையும் வேண்டும் என்பதால் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. மேலே போனதும் ஒரு நைலான் கயிற்றை இறக்குவான். கீழே நிற்கும் சிக்னல்மேன் பையைக் கட்டிவிடுவான். சாயங்காலம் பை முதலில் இறங்கும், ஆள் பின்னால் இறங்குவான். சைட்டில் அவன் பெயர் கழுகு. மேலேயே இருப்பதால் மட்டும் அல்ல. கம்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டுபோய், இரண்டு சாரங்களுக்கு இடையே ஆள் நுழையத் தயங்கும் சந்தில், கீழே நிற்பவன் நெஞ்சில் பயம் எழுமுன் பூப்போல இறக்கிவிடுவான். அதற்குக் கண் வேண்டும். ஒரு கண் போதாது, இரண்டும் வேண்டும். எது கிட்டத்தில், எது எட்டத்தில் என்று சொல்வது இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பார்வைதான்.

இடது கண்ணுக்குள் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. முதலில் சிலந்தி நூல் மாதிரி ஏதோ மிதந்தது என்றான். பிறகு புகை. கண் டாக்டர் அம்மா நீண்ட நேரம் விளக்கடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆபரேஷன் பண்ணலாம். ஆனா சாப்பிட்ட பிறகு சுகர் இப்படி ஏறுது பாருங்க, இதோட கை வெச்சா உள்ள மறுபடி கசியும். இருநூறுக்குக் கீழ கொண்டு வாங்க. கொஞ்ச நாள் அப்படியே நிக்கணும். உடனே தேதி தரேன்."

"அதுவரைக்கும் கண்ணு தாங்குமா டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"உள்ள ஒரு சவ்வு இழுத்துக்கிட்டு இருக்கும்மா. அது எப்ப விழித்திரையப் பிச்சுடும்னு யாராலயும் சொல்ல முடியாது. சீக்கிரம்னு மட்டும் சொல்றேன்."

அன்றிலிருந்து அந்தச் 'சீக்கிரம்' அவள் மண்டைக்குள் தையல் மெஷினாக ஓடியது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவன் சாப்பாட்டைக் காவல் காத்தாள். வெந்தயத்தை ஊறவைத்து, கொதிக்கவிட்டு, ஆறவைத்து, அந்தக் கசப்புத் தண்ணீரைப் பெரிய பாட்டில் நிறைய ஊற்றிக் கொடுத்தனுப்பினாள். சாயங்காலம் பாட்டில் காலியாகத் திரும்பி வரும். அதைக் கழுவிக் கவிழ்க்கும்போது மட்டும் அவளுக்கு ஒரு திருப்தி. இந்த ஒரு விஷயத்திலாவது மனுஷன் சொன்ன பேச்சைக் கேட்கிறார்.

*

"ஆம்பளைங்க நாக்கு இருக்கே, அதுக்கு எலும்பும் கிடையாது, வெக்கமும் கிடையாது" என்றாள் கடைக்காரம்மா. அவள் எதிர் மெஷினில் ஜிப் மாற்றிக்கொண்டிருந்தாள். "என் வீட்டுக்காரர், டாக்டர் இனிப்பு வேணாம்னு சொன்ன மறுநாளே அலமாரிக்குப் பின்னால மிட்டாய் டப்பா வெச்சிருந்தாரு. எறும்புதான் காட்டிக் குடுத்துச்சு. உன் வீட்ல எறும்பு வருதா?"

"எறும்பு அங்க எப்படிக்கா ஏறும்? அவர் வானத்துல இல்ல இருக்காரு."

"அதான் வசதி. யாரு பாக்கப் போறா?"

அவள் சிரிக்கவில்லை. மடியில் கணவனின் கால்சட்டை கிடந்தது. இடுப்பைப் பிரித்து உள்ளே வாங்கித் தைத்துக்கொண்டிருந்தாள். இது முதல் முறை அல்ல. துணியை மடித்து மடித்து, பின்பக்கத்துப் பைகள் இரண்டும் ஒன்றையொன்று தொடும் தூரத்துக்கு வந்துவிட்டன.

"இதப் பாருங்கக்கா. திருடித் தின்னா சதை போடணும் இல்ல? இப்படி இளைக்கிறாரே?"

"சுகர்காரனுக்குத் தின்னது ஒட்டாது. திருடித் தின்னா சுத்தமா ஒட்டாது."

அவள் ஊசியை எடுத்து வாயில் கவ்விக்கொண்டாள். பேசாமல் இருப்பதற்கு ஊசி நல்ல சாக்கு.

*

அந்த மாதக் கடைசியில் காற்று எழும்பியது. பலத்த காற்றில் கிரேனை ஓட்டக் கூடாது. காற்றின் போக்குக்கே திரும்பிக்கொள்ளும்படி அதன் கையை அவிழ்த்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். காற்று அடங்க ஒரு வாரம் போல ஆயிற்று. அவன் வீட்டில் இருந்தான். ஓட்டைக் குழாயைச் சரிசெய்தான். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டான். அடுக்களைக்கும் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தான். போகும்போதெல்லாம் பானையில் ஒரு செம்பு மொண்டு குடித்தான். அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததாக மனதில் பதியவில்லை. வீட்டில் ஒரு மனுஷன் தண்ணீர் குடிப்பதை யார் கவனிப்பார்கள்?

அதே கிண்ணம், அதே சோறு. இரண்டாம் நாள் மெஷினில் எண் இறங்கியது. மூன்றாம் நாள் இன்னும் இறங்கியது. நான்காம் நாள் இருநூறுக்குக் கீழே. அவள் இரண்டு முறை குத்திப் பார்த்தாள். இந்தத் தடவை ரத்தம் தயங்காமல், பளிச்சென்று வந்தது.

அவன் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு அரும்பியது. "பாத்தியா?" என்றான்.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"பாத்தேன். நல்லாவே பாத்தேன். வீட்ல என் கண்ணு முன்னால இருந்தா ஒழுங்கா இருக்கு. மேல போனா ஏறுது. மேல அப்படி என்னதாங்க இருக்கு?"

சிரிப்பு அடங்கியது. அவன் ஊசியைத் துடைத்து டப்பாவில் வைத்தான். வெளியே காற்று ஏதோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.

"வெயில் இருக்கு" என்றான் கடைசியில்.

"வெயில் தின்னா சுகர் ஏறுமா? நான் படிக்காதவதான், ஆனா பைத்தியக்காரி இல்ல. கண்ணு போகப்போகுதுங்க. உங்க கண்ணு. எனக்கு இல்ல. ஒரு வாய்க்காக, ஒரு வாய் இனிப்புக்காக—"

"இனிமே வேலைக்குப் போறப்ப மதியச் சோறு கட்டாத" என்றான் அவன்.

"என்ன?"

"கட்டாத. வெறும் தண்ணி மட்டும் குடு. அப்புறம் பாரு."

அது கோபத்தில் சொன்னது அல்ல. வாங்கின கடனைத் திருப்பிக் கொடுக்கும்போது வருமே ஒரு குரல், அந்தக் குரலில் சொன்னான். அவளுக்குத்தான் கோபம் அடங்கவில்லை. சரி, பார்த்துவிடுவோம் என்று நினைத்தாள். காற்று நின்று அவன் வேலைக்குப் போன அன்று பையில் வெந்தயத் தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தது. சாயங்காலம் பசியில் கன்னம் ஒட்டி வந்தான். பாட்டில் காலி. சோற்றுக் குவியலைச் சாப்பிட்டான். விரலை நீட்டினான்.

முன்னூறுக்கும் மேலே.

அவள் மெஷினைக் கீழே வைத்தாள். இனி கேட்க என்ன இருக்கிறது? கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. மதியம் வெறும் வயிறு என்றால் இது எங்கிருந்து வந்தது? அவன் முகத்தைப் பார்த்தாள். அவனும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் பிடிபட்டவனின் களை இல்லை, ஒன்றும் புரியாதவனின் திகைப்புதான் இருந்தது என்பது அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. அப்போது உறைக்கவில்லை. அப்போது அவள், "தெருவுல போற யாரோட கண்ணோ போற மாதிரி இருக்கீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுக்களைக்குப் போய், கிண்ணத்தைவிடச் சின்னதாக ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள்.

*

வெயில் தீயாகக் கொளுத்திய ஒரு நாள், அவனுக்குக் காலையிலேயே உடம்பு லேசாகச் சுட்டது. போக வேண்டாம் என்றாள். கான்கிரீட் போடும் நாள், நான் போகாவிட்டால் மொத்த சைட்டும் நிற்கும் என்று போய்விட்டான். மதியம் தாண்டி அவளுக்கு போன் வந்தது.

நடந்ததை ஆஸ்பத்திரி வராந்தாவில் சிக்னல்மேன் சொன்னான். சைட்டில் அவனை வாக்கி என்பார்கள். எப்போதும் வாக்கி டாக்கியைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு திரிபவன். கல்யாணமாகி இரண்டு குழந்தைக்காரன்.

"அண்ணன் குரலே சரியில்ல அண்ணி. 'வலது பக்கம்' னு சொன்னா, 'எது வலது?' ன்னு கேக்குறாரு. நான் விளையாடுறாருன்னு நெனச்சேன். அப்புறம் நாக்கு குழறுது. தொட்டி நிறைய கான்கிரீட் தொங்குது, கீழ ஆளுங்க. 'அண்ணே, அப்படியே நிறுத்துங்க, ஒண்ணும் பண்ணாதீங்க' ன்னு கத்துனேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் பாருங்க, அந்த நிலமைலயும் தொட்டிய அலுங்காம தரையில வெச்சாரு. வெச்சிட்டுத்தான் சாஞ்சாரு. அவர மாதிரி ஆள் கெடையாது அண்ணி."

நாலு பேர் ஏறி, ஸ்ட்ரெச்சரில் கட்டி, அவன் ஓட்டும் கிரேனின் பக்கத்துக் கிரேனாலேயே இறக்கியிருந்தார்கள். உள்ளே அவனுக்கு இரண்டு கையிலும் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. ரத்தத்தில் சர்க்கரை மெஷினுக்குள் அடங்காத உயரத்தில் இருப்பதாக நர்ஸ் சொன்னாள்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. கேட்டே ஆக வேண்டும் என்று ஒன்று நெஞ்சில் முள்ளாக நின்றது.

"தம்பி, நீ உண்மைய சொல்லணும். மேல அவர் என்ன வாங்கித் தின்னாரு? நீதான கயிறு கட்டுற? இனிப்பா? எண்ணெய்ப் பலகாரமா?"

வாக்கி அவளைப் புரியாமல் பார்த்தான். "அண்ணனா? நீங்க குடுக்குற பை மட்டும்தான் அண்ணி போவும். கொஞ்ச நாளா அதுவும் தண்ணி பாட்டில் மட்டும்தான். நாங்க என்னண்ணே விரதமான்னு கேலி பண்ணுவோம்."

அவள் மனம் இளகட்டும் என்று நினைத்தானோ என்னவோ, அவன் தொடர்ந்தான்.

"அண்ணி, உங்களுக்கு ரொம்ப நாளா ஒரு நன்றி சொல்லணும்னு. உங்க வீட்டுத் தண்ணியக் குடிச்சிதான் இந்த வெயிலத் தாண்டுறேன். மொதல்ல ஒரே கசப்பு. அண்ணன்கிட்ட கேட்டா, 'குடிடா, உனக்கு சுகரே வராது' ன்னு சிரிப்பாரு. இப்ப அந்தக் கசப்பு இல்லன்னா எனக்குத் தாகமே அடங்காது."

"என்ன தண்ணி?"

"அதான், அந்த மஞ்சத் தண்ணி. வெந்தயம் போட்டது. சாயங்காலம் பையோட அப்படியே முழுசா எறக்கிடுவாரு. நான் குடிச்சிட்டு, மிச்சத்த கம்பி கட்டுறவங்களுக்குக் குடுத்துட்டு, காலி பாட்டிலை வெப்பேன். அண்ணனுக்கு ரொம்பப் பெரிய மனசு."

வராந்தாவில் யாரோ ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதன் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. அது முனை திரும்பி, சத்தம் முழுக்கத் தேய்ந்து போகும்வரை அவள் அசையவில்லை.

"அப்ப அவர் என்ன குடிப்பாரு?" என்று கேட்டாள். கேட்ட குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"மேலயா? ஒண்ணும் குடிக்க மாட்டாரு அண்ணி. குடிச்சா ஒண்ணுக்கு எறங்கணும் இல்ல? எறங்கி ஏறினா அதுக்குள்ள நாலு லோடு நின்னுடும், போர்மேன் ரேடியோவுல எல்லாரும் கேக்குற மாதிரி மானத்த வாங்குவான். மத்த ஆப்பரேட்டருங்க அதுக்குன்னு ஒரு பாட்டில் வெச்சிக்குவாங்க. அண்ணனுக்கு அது பிடிக்காது. எறங்கி வந்து கேட் பக்கத்து குழாயில வாய வெச்சா மாடு மாதிரி குடிப்பாரு, பாவம்."

தூறல் என்ற பெயர் அவளுக்கு ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் அவன் விழுந்து விழுந்து சிரித்துச் சொன்ன கதை. வேறொரு கிரேன் ஆப்பரேட்டர், பாட்டிலில் பிடித்த சிறுநீரைக் காற்று பார்க்காமல் கேபினுக்கு வெளியே கவிழ்த்துவிட்டாராம். கீழே பார்வையிட வந்த பெரிய இன்ஜினியர் தலைக்கவசத்தைத் தடவிப் பார்த்து, "மழை வருமோ?" என்றாராம். அன்றிலிருந்து அந்த மனிதருக்குத் தூறல் என்று பெயர். அவர் சைட் மாறிப் போனார். பெயரும் கூடவே போயிற்று. கேட்டுவிட்டு அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருந்தாள். அவன் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தப் பேரோட வாழறதுக்கு நான் தாகத்துல செத்துடுவேன்" என்று சொன்னான். அதையும் அவள் சிரிப்பின் வாலாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

*

சர்க்கரை டாக்டர் நடுவயதுக்காரர். அவசரப்படாமல் பேசினார்.

"உடம்புல தண்ணி குறைஞ்சா, இருக்கறத விடாதேன்னு சிறுநீரகத்துக்குச் சொல்ல மூளை ஒரு ஹார்மோன அனுப்பும். அது கல்லீரலையும் தட்டி எழுப்பும். கல்லீரல் தான் சேத்து வெச்சிருக்கிற சர்க்கரைய எடுத்து ரத்தத்துல விடும். ரத்தமும் சுண்டிப்போயிருக்கும். குழம்பு சுண்டினா உப்பு கரிக்குது இல்லையா? அந்த மாதிரி. அப்ப கொஞ்சம் சோறு தின்னாலும் அளவுக்கு மீறி ஏறும்."

"ஒரு சின்னக் கிண்ணம் சோறுதான் டாக்டர் குடுத்தேன்."

"ம். இன்னொண்ணு, மிச்ச சர்க்கரைய உடம்பு சிறுநீர்லதான் வெளிய தள்ளும். அதுக்கும் தண்ணி வேணும். சுகர் ஏறினா அடிக்கடி ஒண்ணுக்கு வரும். வருதேன்னு இவர் குடிக்கறத இன்னும் குறைச்சிருப்பாரு. குறைக்கக் குறைக்க ஏறும். ஏற ஏற வரும். காய்ச்சல் வேற சேந்துக்கிச்சு."

"அப்ப தண்ணிதான் காரணமா? சாப்பாடு இல்லையா?"

அவர் பேனாவை மூடினார். "தண்ணி மட்டும்தான்னு சொல்ல மாட்டேன்மா. அவருக்கு சர்க்கரை வியாதி இருக்கு, மாத்திரையும் பத்தல. ஆனா தண்ணிக்கு இதுல பெரிய பங்கு இருக்கு. எவ்ளோன்னு அளந்து சொல்ல முடியாது."

அவளுக்கு அளவு வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுக்க அளவெடுத்தே பிழைத்தவள். இவ்வளவு என் குற்றம், இவ்வளவு நோயின் குற்றம், இவ்வளவு அந்தப் பாழாய்ப்போன ஏணியின் குற்றம் என்று யாராவது சாக்பீஸால் கோடு போட்டுத் தந்தால் அதன் மேல் வெட்டிக்கொள்ளலாம். யாரும் கோடு போடவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அவளுக்கு இரண்டும் ஒரே இடத்தில், தன் கையில் இருந்த அந்தச் சின்னக் கிண்ணத்தில் கிடப்பதாகத் தோன்றியது.

*

வீடு திரும்பிய பிறகு எண்கள் நல்ல பிள்ளைகளாக நடந்துகொண்டன. மருந்தை மாற்றியிருந்தார்கள், அவன் தண்ணீர் குடித்தான், அவள் சோற்றைக் கையால் போட்டாள். நூற்றைம்பது, நூற்று அறுபது. எத்தனை மாதமாக அவள் தவம் கிடந்த எண்கள். அவை வந்து மெஷினில் நின்றபோது வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை. அவன் தட்டில் போட்டதில் பாதியை விரலால் ஒதுக்கிவிட்டு, வேண்டாம், பழகிவிட்டது என்றான். அவள் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. எந்த முகத்தோடு கட்டாயப்படுத்துவது?

கண் டாக்டர் அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்து, "பிரமாதம்" என்றார். பிறகு விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருடைய மூச்சின் சத்தம் மாறுவதை அவள் ஓரத்து நாற்காலியிலிருந்து கேட்டாள்.

"இடது கண்ணுல எப்பலேர்ந்து சுத்தமா தெரியல?"

"ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பவே" என்றான் அவன். "திரை விழுந்த மாதிரி இருந்துச்சு. மெதுவா."

"ஏன் சொல்லல?"

டாக்டர் அம்மா விளக்கைப் போட்டார். சவ்வு இழுத்து விழித்திரையைப் பிய்த்துவிட்டது என்றும், நடுவிலேயே பிய்ந்து நாள் கடந்துவிட்டது என்றும், இனி வெட்டித் தைத்தாலும் வெளிச்சம் இருட்டு தெரியலாம், பார்வை வராது என்றும் சொன்னார். வலது கண்ணைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். பத்திரம் என்ற சொல்லை இரண்டு முறை சொன்னார்.

வெளியே வந்து, ஆஸ்பத்திரி மதிலோரம் இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிரே பஸ்கள் வந்து நின்று போயின. அவர்கள் ஏற வேண்டிய பஸ்ஸும் வந்தது. இருவரும் எழவில்லை.

"நான் உங்கள திருடன்னு நெனச்சேன்" என்றாள் அவள்.

"தெரியும்."

"சட்டையெல்லாம் மோந்து பாத்தேன்."

"அதுவும் தெரியும். மடிச்சு வெச்ச மடிப்பு மாறியிருக்கும்."

அவளுக்கு இப்போதுதான் அழுகை வந்தது. அழுதாள். அவன் தேற்றவில்லை, அவனுக்கு அது வராது. அவள் அழுது முடிக்கும்வரை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? தண்ணி குடிக்கறதே இல்லன்னு?"

"எனக்கே தெரியாதே, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம்னு. சோத்தைத்தானே எல்லாரும் சொன்னாங்க. நானும் சோறுதான்னு நெனச்சேன். இந்தக் கிண்ணமும் அதிகம்போல, என் உடம்புதான் திருட்டு உடம்புபோலன்னு." அவன் ரிப்போர்ட் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான். "சொல்லியிருந்தா, எறங்கி வந்து குடின்னு சொல்லியிருப்ப."

"ஆமா, சொல்லியிருப்பேன்."

"எறங்கி எறங்கி வந்தா, இவனுக்கு முடியலன்னு கீழேயே நிக்க வெச்சிடுவாங்க. எனக்கு அங்க இருக்கத்தான் பிடிக்கும். யாரும் பேச மாட்டாங்க. எல்லாம் தெளிவாத் தெரியும்."

தெரியும் என்ற சொல்லை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அடுத்த பஸ்ஸையும் விட்டார்கள். வெயில் பெஞ்சின் மேல் ஏறி, அவர்கள் கால்களைத் தொட்டு, மடிக்கு வந்தது.

கடைசியில் அவன்தான் எழுந்தான். நடந்தே போகலாம் என்றான். ரோட்டோரம் வண்டிகள் உரசிக்கொண்டு போகும் பக்கம் அவனுடைய இடது பக்கம். அவள் சுற்றி வந்து அந்தப் பக்கம் நடந்தாள். நாலடி போனதும் அவன் நின்றான். தலையைத் திருப்பினான், போதவில்லை. தோளையும் சேர்த்துத் திருப்பி, முழு உடம்போடு வளைந்து, அவளைத் தேடிப் பிடித்துப் பார்த்தான்.

அந்தப் பக்கம் நடந்தால் அவன் கண்ணுக்குத் தன்னைத் தெரியாது என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மாறிவிடலாமா என்று நினைத்தாள். ஒரு லாரி ஹாரன் அடித்தபடி ஒட்டிக்கொண்டு போயிற்று.

"இங்கதான் இருக்கேன். நடங்க" என்றாள்.

அவன் முன்னால் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.